ஓலைக்கு ஒரு கிரெடிட்

1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் வந்தன. ஆறுகள் வந்தன, குளங்கள் வந்தன, பேச்சிப்பாறை அணை வந்தது, தாசில்தார் உட்கார்ந்த நாற்காலிகூட வந்தது. காகிதம் வரவில்லை. திருவிதாங்கூர் சர்க்கார் எழுதிக் குவித்த ஹஜூர் கச்சேரிக் கோப்புகளும், பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைச் சுருணைகளும் திருவனந்தபுரத்திலேயே இருந்துவிட்டன. பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில்தான் நிற்கிறது. பராமரிப்பது இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறை. பாகப்பிரிவினையில் வீடு ஒருத்தனுக்கும் பத்திரப்பெட்டி இன்னொருத்தனுக்கும் போனது மாதிரி. நாஞ்சில் நாட்டுக்காரன் தன் வாய்க்காலின் ஜாதகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் களியக்காவிளை தாண்ட வேண்டும்.

நான் தாண்டியது எண்பதுகளின் தொடக்கத்தில். சிவில் படித்து, நீர்வளத்தில் எம்.ஈ. முடித்து, ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்குப் பதிந்திருந்தேன். எது என்று சொல்லவில்லை; சொன்னால் முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து சந்தாவுக்கு ஆள் வரும். அப்போது குமரி மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரிகூடக் கிடையாது. இன்று நாகர்கோவிலில் பஸ் ஏறினால் தக்கலை போய்ச் சேர்வதற்குள் ஜன்னல் வழியாகவே வேண்டிய அளவு பார்த்துவிடலாம். என் அத்தைக்கு நான் படிக்கிற படிப்பு கடைசிவரை பிடிபடவில்லை. “தண்ணி பள்ளத்துக்குத்தானே போகும்? அதுக்குப் படிப்பு என்ன மக்கா?” என்று கேட்டாள். பிற்பாடு வந்த எந்தத் தேர்வாளரும் இவ்வளவு நேரடியாகக் கேட்கவில்லை.

எடுத்துக்கொண்ட பொருள் பழையாற்றுப் பாசனத்தில் நீர்ப் பங்கீடு. பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக வந்து மணக்குடியில் கடலில் விழுகிற சின்ன ஆறு அது. சொந்தத் தண்ணீர் கம்மி. மேற்கே ஓடும் பறளியாற்றை மறித்து அணை போட்டு, பாண்டியன் கால் வழியாகப் பழையாற்றுக்கு நீரைத் திருப்பியவன் ஒரு பாண்டிய ராஜா என்பது வழிவழியாக வரும் செய்தி. பெயரிலேயே பாண்டியன் நிற்கிறான். திருவிதாங்கூர்க் காலத்தில் அதற்குக் கீழே புத்தன் அணை. மூலம் திருநாள் காலத்தில் கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையை எஞ்சினியர் மிஞ்சின் கட்டினார். 1906ல் வேலை முடிந்தது. அவர் கல்லறையும் அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கில் பெய்த மழையை அடுத்த பள்ளத்தாக்கின் வயலுக்குக் கொண்டுபோவதை இப்போது நதிநீர் இணைப்பு என்று பெயரிட்டு நட்சத்திர ஓட்டலில் மாநாடு போடுகிறார்கள். இங்கே அந்தத் தண்ணீரில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் சத்தமில்லாமல் விளைந்துகொண்டிருந்தன.

ஆய்வுக் கேள்வி எளிதானது. தலைமடையில் தண்ணீர் இருக்கிறது, கடைவரம்பில் ஏன் இல்லை?

இதற்கு எங்கள் துறையில் ஒரு விடை தயாராக இருந்தது. 1889ல் அயர்லாந்து எஞ்சினியர் ராபர்ட் மானிங் சொன்ன சமன்பாடு. வாய்க்காலின் சரிவு, குறுக்குவெட்டு, நனைகிற சுற்றளவு எல்லாம் அதில் வரும். கூடவே ‘என்’ என்று ஓர் எழுத்து வரும். வாய்க்காலின் சொரசொரப்பைக் குறிப்பது. சுத்தமாகத் தூர்வாரிய மண் வாய்க்காலுக்கு 0.025 பக்கம் போடலாம். புல்லும் ஆகாயத்தாமரையும் மண்டினால் 0.035க்கு ஏறும். அதே ஆழம், அதே சரிவில், அந்தச் சின்ன ஏற்றத்துக்கே பத்தில் மூன்று பங்குத் தண்ணீர் குறைந்துவிடும். ஆக, கடைவரம்பு காய்வதற்குக் காரணம் ‘என்’. யார் தூர்வாரவில்லை, யார் தூர்வார வேண்டியவர், அவரை யார் கேட்க வேண்டும், கேட்டவரை யார் அடித்தார்கள் என்பதெல்லாம் அந்த ஒற்றை எழுத்துக்குள் அடங்கிவிடும். எஞ்சினியருக்கு நிம்மதி. எழுத்துக்கு ஜாதி கிடையாது, கட்சி கிடையாது, கோர்ட்டுக்கும் போகாது.

அந்த ‘என்’னின் மதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? வென் டே சௌ 1959ல் எழுதிய புத்தகம்தான் எங்கள் வேதம். பலவகை ஓடைகளின் புகைப்படங்களைப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் மதிப்பைக் கொடுத்திருப்பார். அந்தப் படங்களில் ஒன்றோடு எங்கள் அனந்தனாற்றுக் கால்வாயை ஒத்துப்பார்த்து, ‘ஏறத்தாழ இதுதான்’ என்று எழுதினால் அது விஞ்ஞானம். நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் எழுதினேன், அதற்குத்தான் பட்டம் கொடுத்தார்கள்.

சிக்கல் வயலில் தொடங்கியது. வாய்க்கால் கரையில் அளவுகோல் நட்டுக்கொண்டு நின்றபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். “எத்தனை அடி போகுதுன்னு அளந்து என்ன செய்ய? எங்க வயல் பத்துக்கு எத்தனை நாழிகை மடை தொறக்கணும்னு ஓலையிலயாக்கும் எழுதியிருக்கு. அதைப் பாரு” என்றார். எந்த ஓலை, எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஒரு வீட்டைச் சொன்னார். அந்த வீட்டில், வழக்கு நடந்தபோது வக்கீலிடம் போய்விட்டது என்றார்கள். வக்கீல் செத்துப்போயிருந்தார்.

கைடிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், நல்ல கணக்காளர். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் ஓடாத தண்ணீரைத் தண்ணீராகவே ஒப்புக்கொள்ள மாட்டார். “ஓலையெல்லாம் ஹிஸ்டரிக்காரன் சமாசாரம்ப்பா. நமக்கு டிஸ்சார்ஜ் வேணும்” என்று முடித்துவிட்டார்.

ஹிஸ்டரிக்காரர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான் என்பது அவருக்குத் தெரியாது. ஆளூரில் பிறந்த கே.கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலின் கல்வெட்டையும் கணக்கையும் தோண்டித் துருவி எழுதிய புத்தகம் 1953ல் கலாக்ஷேத்ரா வெளியீடாக வந்தது. கோயில் என்று பெயரே தவிர, அதில் நிலம் இருக்கிறது, நெல் இருக்கிறது, நிர்வாகம் இருக்கிறது. ஓர் ஊர் எப்படி நடந்தது என்பது இருக்கிறது. அவருக்கும் முன்னால் தேரூர்க் கவிமணி. பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளைத் தேடிப்போய்ப் படியெடுத்தவர். நாஞ்சில் நாட்டு நிர்வாகத்தைப் பல தலைமுறை பார்த்த குடும்பம் அது. நிலம் விற்றது, ஒற்றி வைத்தது, வரி கட்டியது, ஆளையே அடிமையாக விற்றது வரைக்கும் ஓலையில் உண்டு. பிற்காலத்தில் அ.கா. பெருமாள் அவற்றைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். கவிமணிக்கு யாரும் ஃபெல்லோஷிப் கொடுத்ததாகத் தெரியவில்லை. கைடும் கிடையாது, அதனால்தான் வேலை நடந்தது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

வீட்டில் பாட்டாவுக்கு மலையாளம் தெரியும். திருவிதாங்கூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தலைமுறை. தமிழில் திட்டுவார், மலையாளத்தில் மனு எழுதுவார். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் மருமக்கள் வழி இருந்த காலத்தில் சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சின்னப் பங்கு. இந்த ஏற்பாட்டில் வழக்கு இல்லாத வீடு இருக்க முடியுமா? 1926ல் சட்டம் வந்து மருமக்கள் வழியை முடித்து வைத்தது, வழக்குகளை அல்ல. எங்கள் வீட்டு மச்சில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கேஸ் கட்டு. பாட்டா அதைத் திறந்துவைத்துக்கொண்டு எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பழைய மலையாளக் கையெழுத்து, கொல்லவருஷக் கணக்கு, வராகன், பணம், சக்கரம். கொல்லத்தோடு 825 கூட்டினால் கிறிஸ்துவ வருஷம்; ஆவணி தொடங்கி மார்கழி நடு வரைக்கும் 824 போதும். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைக்காத ஒரே கணிதப் பாடம் இதுதான். “மக்கா, காகிதத்தைப் படிக்கிறவன் முதல்ல எதிரி யாருன்னு பாக்கணும் கேட்டியா. எதிரி யாருன்னு தெரிஞ்சா எழுத்து தன்னால வெளங்கும்” என்பார். ஆய்வு முறையியல் பற்றி அதற்குப் பின் தடித்தடியாகப் புத்தகங்கள் வாங்கியிருக்கிறேன். இந்த வரி ஒன்றிலும் இல்லை.

எங்கள் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1979ல்தான். எங்களுக்குப் பஸ்தான் பழக்கம். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை. ஆவணக் காப்பகத்தில் ஒரு அட்டெண்டர் இருந்தார். பெயர் கேட்டால் சிரிப்பார். பென்சில்தான் அனுமதி, பேனாவைக் கண்டால் மட்டும் முகம் மாறும். அட்டவணையைப் புரட்டிப் புரட்டி நான் களைத்த பிறகு, “சாரே, இண்டெக்ஸ் நோக்கண்டா, என்னோடு சோதிக்கூ” என்பார். உள்ளே போய், சிவப்பு நாடா கட்டிய கட்டோடு வருவார். நாஞ்சில் நாட்டு வாய்க்கால் மராமத்து என்று கேட்டால், அது ‘வாய்க்கால்’ என்ற தலைப்பில் இருக்காது, ‘ராஜிநாமா செய்த ஓவர்சீயர்’ என்ற தலைப்பில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். கட்டைப் பிரித்தால் முதலில் தூசி, அப்புறம் செல்லுப்பூச்சி ஓட்டை, அதற்கப்புறம் எழுத்து. ஓட்டை விழுந்த இடத்தில்தான் எப்போதும் தொகை எழுதியிருக்கும். பூச்சிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் ஏதோ உடன்படிக்கை.

ஓலையைப் பார்த்தது அங்கே அல்ல. தோவாளைப் பக்கம் ஒரு வீட்டில். வாய்க்கால் கரையில் பார்த்த அந்தப் பெரியவரே கடைசியில் அழைத்துப்போனார். பரணில் துணி சுற்றிக் கிடந்தது. வீட்டுக்காரர் கோவையிலையைக் கசக்கி, விளக்குக் கரியைக் குழைத்து, ஓலை மேல் தேய்த்துத் துடைத்தார். ஒன்றுமில்லாமல் பழுப்பாகக் கிடந்த ஓலையில் வரிவரியாகக் கறுப்பு எழும்பியது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழிந்துவிடும். எகர ஒகரத்தில் குறில் நெடில் வித்தியாசம் இல்லை. காலா ரகரமா என்பதை வாக்கியம் முடிந்த பிறகு திரும்பி வந்துதான் தீர்மானிக்க வேண்டும். எழுதியவன் படிக்கிறவனை நம்பி எழுதியிருக்கிறான். விஷயம் தெரிந்தவன்தான் படிப்பான், அவனுக்குப் புள்ளி எதற்கு?

படிக்கப் படிக்க வந்தது இதுதான். இந்த மடையிலிருந்து அந்த மடை வரைக்கும் மண் எடுத்துக் கரை போட வேண்டியவர்கள் இன்ன இன்ன பேர். கும்பப்பூ அறுத்தபின், கன்னிப்பூவுக்குத் தண்ணீர் விடுமுன் முடிக்க வேண்டியது. ஆள் அனுப்பாதவன் கட்ட வேண்டிய நெல் இத்தனை மரக்கால். அதை வசூலிக்க வேண்டியவன் பெயர். அவன் வசூலிக்காவிட்டால் அவனிடம் வசூலிக்க வேண்டியவன் பெயர். எழுதினவன் பெயர், சாட்சி பெயர்கள். இரண்டு சாண் நீள ஓலையில், வாய்க்காலின் சொரசொரப்பு முழுவதும் ஆள் பேரோடு இருந்தது. மானிங் ஒற்றை எழுத்தாகச் சுருக்கியதை இவர்கள் விலாசம் போட்டு எழுதியிருந்தார்கள். அதற்குமேல் ஒரு தொழில்நுட்ப ஆவணத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் குழுக் கூட்டம். ஐந்து பேர், மேஜையில் டீ, ஆளுக்கு இரண்டு மேரி பிஸ்கட். ஓலைச் செய்தியைப் படம் போட்டு விளக்கினேன். நீண்ட மௌனத்துக்குப் பிறகு ஒருவர் கேட்டார்: “ஒரு கோட்டை எத்தனை ஹெக்டேர்?”

கோட்டை என்பது நெல்லளவு, 21 மரக்கால் என்றேன். ஒரு கோட்டை விதைப்பாடு என்றால் அவ்வளவு விதை கொள்கிற நிலம். மண்ணுக்கு ஏற்ப, விதைக்கிற முறைக்கு ஏற்பப் பரப்பு முன்னே பின்னே போகும் என்றேன். “மாறுகிற ஒன்று எப்படி அலகாகும்?” என்றார் இன்னொருவர். நிலத்தை அதன் அகல நீளத்தால் அளக்காமல், அது எவ்வளவு கொள்ளும் என்பதால் அளந்திருக்கிறார்கள், பாசனத்துக்கு அதுதானே வேண்டும் என்று சொன்னேன். “எஸ்.ஐ. யூனிட்டில் இல்லை” என்று குறித்துக்கொண்டார்கள். அமெரிக்க ஓடையின் புகைப்படத்தைப் பார்த்து நான் மதிப்பிட்ட 0.030ஐ ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

கடைசியில் ஓலை பின்னிணைப்பு ஆனது. தட்டச்சுக்காரர் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார். அடியில் நான்கு கார்பன். கிரேக்க எழுத்துகளுக்கு இடம் விட்டுக்கொடுப்பார், நாம் ராட்ரிங் பேனாவால் நிரப்ப வேண்டும். தமிழ் எண்ணுக்கு அவரிடம் சாவியும் இல்லை, இடமும் இல்லை. முந்திரி, காணி, மா எல்லாவற்றையும் கையால் எழுதினேன். ‘ஆய்வேட்டின் சீர்மை கெடுகிறது’ என்று குறிப்பு வந்தது. பின்னிணைப்பு போய்விட்டது. வெளிநாட்டுத் தேர்வாளர் ஏர்மெயிலில் பாராட்டினார், அணிந்திருந்த கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டே வாய்மொழித் தேர்வு முடித்து நானும் டாக்டர் ஆனேன். அனந்தனாற்றில் அந்த வருஷம் தூர்வாரவில்லை.

இது அந்தக் காலம். இப்போது நிலைமை தலைகீழ்.

2020 அக்டோபரில் கல்வி அமைச்சகம் ஏ.ஐ.சி.டி.ஈ. கட்டடத்திலேயே இந்திய அறிவு மரபுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியது. இங்கே அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 2022லிருந்து முதலாண்டு எஞ்சினியரிங் மாணவர் எல்லாருக்கும் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு தாள்கள். தலா ஒரு கிரெடிட். அணை, ஏரி, மதகு, சோழர் காலக் குமிழித்தூம்பு எல்லாம் அதில் உண்டு. நல்ல காரியம்தான், எங்கள் காலத்தில் இது பூஜ்யம் கிரெடிட். குமிழித்தூம்பு அருமையான சாதனம். குளத்துக்குள் கல்தொட்டி, மேலே நீரோடித்துளை, அடியில் சேறோடித்துளை; தண்ணீர் போகும்போதே வண்டலையும் கூட்டிக்கொண்டு போய்விடும். பையன்கள் அதைப் பவர்பாயிண்டில் பார்க்கிறார்கள். கல்லூரி மதிலுக்கு அந்தப் பக்கமே ஒரு குளம் கிடக்கும்; அதன் மடை எங்கே இருக்கிறது என்று கேட்டால் கூகுள் மேப்பைத் திறக்கிறார்கள்.

ஓலைக்கு வந்திருக்கிற மரியாதையைச் சொல்ல வேண்டும். முன்பு ஹிஸ்டரிக்காரன் சமாசாரமாக இருந்தது இப்போது எல்லா எஞ்சினியரிங் மாநாட்டிலும் முதல் அமர்வு. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, ‘பண்டைய நீர் மேலாண்மை’. ஒரு மாநாட்டில் என்னைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். ஒரு இளம் பேராசிரியர் கீழ்முந்திரியைப் பற்றிக் கட்டுரை படித்தார். முந்திரி என்பது 320ல் ஒரு பங்கு, அதன் 320ல் ஒரு பங்கு கீழ்முந்திரி, ஆக 1,02,400ல் ஒன்று. எனவே தமிழன் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தான் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கீழ்முந்திரி எதற்குப் பயன்பட்டது தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. கணக்குப்பிள்ளைக்குத் தெரியும்: பல வாரிசுகளுக்குப் பிரித்துப் பிரித்துக் கடைசியில் ஒருத்தன் பங்குக்கு வந்த நெல்லை எழுத வேண்டுமே. மத்தியானம் எல்லாரையும் தேரூர்க் குளத்துக்கு வேனில் கூட்டிப்போனார்கள். சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து அங்கே பறவைக்கும் மாநாட்டுக்கும் பஞ்சமில்லை. கவிமணி ஊர் இதுதான் என்றேன். “அவர் பறவைகள் பற்றியும் எழுதியிருக்காரா சார்?” என்றார் ஒருவர், நாரைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டே.

அடுத்தது, திருட்டைக் கண்டுபிடிக்கிற மென்பொருள். யுஜிசி 2018ல் விதி போட்டது: பத்து சதவீதத்துக்குள் ஒற்றுமை இருந்தால் பரவாயில்லை, அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. நான் இப்போதும் ஆய்வேடுகளைத் திருத்துகிறேன். பழையாற்றைப் பற்றி வருகிற எல்லா ஏட்டிலும் முதல் அத்தியாயம் ஒன்றுதான். மாவட்டத்தின் இருப்பிடம், எல்லை, மழையளவு, மண் வகை. மென்பொருள் அதைச் சிவப்பாகக் காட்டும், பையன் ‘தென்மேற்குப் பருவமழை’யை ‘மேற்குத் திசை சார்ந்த தென்பகுதி மழைக்காலம்’ என்று மாற்றுவான், பச்சையாகிவிடும். ஓலையை அப்படியே எழுதினால் ஒற்றுமை பூஜ்யம். இணையத்தில் இல்லாதது எல்லாம் மென்பொருளுக்குச் சொந்தச் சரக்கு. முதலியார் வீட்டு ஓலையை ஒருவன் தன் பெயரில் போட்டாலும் நூற்றுக்கு நூறு அசல் என்று சான்றிதழ் வரும்.

ஓலையை இயந்திரமே படிக்கும் என்கிறார்கள். ‘டீப் லேர்னிங் மூலம் ஓலைச்சுவடி எழுத்தறிதல்’ என்று மாதம் ஒரு கட்டுரை என் மேஜைக்கு வருகிறது. எழுத்தை எழுத்தாக வெட்டி, பெட்டிக்குள் போட்டு, துல்லியம் இத்தனை சதவீதம் என்று இரண்டு தசம இடம் வரை சொல்கிறார்கள். எல்லாக் கட்டுரையிலும் வரைபடம் உண்டு, அட்டவணை உண்டு. ஓலையில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவரும் சொல்வதில்லை. கேட்டால், “அது எங்க ஸ்கோப்ல வராது சார்.” என் கைடு உயிரோடு இருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் 2022ல் ஓலைச்சுவடிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். விளக்கு, கண்ணாடி, குளிர்சாதனம். மதிலகம் சுருணைகளை அங்கே அழகாகப் பார்க்கலாம். ஒரு நாள் பார்த்துவிட்டு வெளியே வந்து டீ குடிக்கும்போது அந்த அட்டெண்டரைப் பற்றி விசாரித்தேன். ரிட்டையர் ஆகி எவ்வளவோ காலம். அவர் தலைக்குள் இருந்த அட்டவணையை ஸ்கேன் செய்ய யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. ராஜிநாமா செய்த ஓவர்சீயரை இனி யார் கண்டுபிடிப்பார்கள்?

இப்படி இருக்கையில் போன வருஷம் ஒரு கல்லூரியில் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ தாளுக்கு விருந்தினர் சொற்பொழிவு. சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட். கடைசி வரிசை கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது. அந்தத் தோவாளை ஓலையைச் சொன்னேன். பின்னிணைப்போடு வெட்டப்பட்டதைப் பல வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக வகுப்பில் சொன்னேன். ஆள் அனுப்பாதவனுக்கு அபராதம், வசூலிக்காதவனிடம் வசூலிக்கிறவன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். மெக்கானிக்கல். “சார், அந்த மாதிரி ஓலை இப்பவும் செல்லுமா?”

கோர்ட்டிலா என்றேன். ஆமாம் என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டான். ஜவுளிக்கடை மஞ்சள் பையில் அவனுடைய பாட்டா வைத்திருந்த காகிதங்கள். மலையாளத்தில் கரம் கட்டிய ரசீது, தண்டப்பேர் நகல், ஒரு உடன்படிக்கை. ஓலை இல்லை, முத்திரைத்தாள்தான், கொல்லம் 1112. போனில் படம் பிடித்து ஏதோ ஆப்பில் போட்டுப் பார்த்திருக்கிறான். ‘மடை’யை ‘மடம்’ என்று படித்து, ஒரு சாமியார் மடத்துக்கும் இவனுக்கும் சம்பந்தம் இருப்பதாக அது சொல்லியிருக்கிறது. வயல் கடைவரம்பில். மேல்மடைக்காரர் இரண்டு வருஷமாக ராத்திரி ஷட்டரை இறக்கிவிடுகிறார். பொதுப்பணித் துறையில் மனு கொடுத்தாயிற்று, கலெக்டர் குறைதீர் நாளில் மனு கொடுத்தாயிற்று. அப்பா வயலை பிளாட் போடலாம் என்கிறார், பையனுக்கு மனம் ஒப்பவில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். முதல் பத்தியில் கொல்லவருஷத்தை அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன், 1937. இரண்டாம் பத்தியில் எல்லைகள். இந்தக் காகிதத்தின் நடையைப் பற்றி, திருவிதாங்கூர் முத்திரையைப் பற்றி நான் ஏதோ விளக்கப் போனேன். அவனுக்கு அவசரம்.

“சார், அதெல்லாம் பொறவு பாக்கலாம். மேல்மடைக்காரருக்க பாட்டா பேரு இதுல இருக்கா? ஒப்பு போட்டிருக்காரா? அதை மட்டும் சொல்லுங்க.”

மூன்றாம் பக்கத்தின் அடியில் பேர் இருந்தது. ஒப்பும் இருந்தது, நல்ல தெளிவாக. ராத்திரி பதினைந்து நாழிகைக்குமேல் மடையைத் தொடுவதில்லை என்ற வரிக்குக் கீழே. பையன் போனை எடுத்து நாலு கோணத்தில் படம் பிடித்தான். பிறகு, எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் கேட்காத ஒன்றைக் கேட்டான்: “இதுக்கு மலையாளம் படிக்க எத்தனை மாசம் ஆகும் சார்? வக்கீல் மாத்தி வாசிச்சா எனக்குத் தெரியணும்லா?”